மெஷினோடு நீள ஹோஸும் ஐந்து நிமிடப் பேச்சும் கொடுங்கள்: வாடகைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவும் எஞ்சின் பிரஷர் வாஷரை வாடகைக்கு விடும் கடைக்கார அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் நாமக்கல் பக்கம் கிளீனிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். கோழிப்பண்ணை ஷெட், லாரி பாடி, ரைஸ் மில் களம், கல்யாண மண்டபம், வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். சொந்தமாகக் கரண்டில் ஓடும் மெஷின் ஒன்று இருக்கிறது. கரண்ட் இல்லாத இடம், பெரிய வேலை என்றால் உங்களில் யாராவது ஒருவர் கடைக்குத்தான் வருவேன். ஆதார் ஜெராக்ஸும் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு பெட்ரோல் எஞ்சின் மெஷினை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போவேன். உங்கள் மெஷினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில் நடந்தது. திருச்செங்கோடு ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு நாளில் முகூர்த்தம். கீழே அண்டர்கிரவுண்ட் பார்க்கிங், தரையெல்லாம் ஆயில் கறையும் சேறும். அன்றைக்குப் பார்த்து மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து கரண்ட் கட். அதனால் ஒரு கடையில் எஞ்சின் மெஷின் எடுத்தோம். கடைத் தம்பி சொன்னது இவ்வளவுதான்: “ஆயில் பாத்துக்கங்கண்ணா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொண்டாந்துருங்க.” அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் யாரும் அதற்கு மேல் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

முதலில் மெஷினை ரேம்ப்புக்கு மேலே, வெளியில்தான் வைத்தோம். ஹோஸ் பாதி தூரம்கூட எட்டவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வாடகை மெஷின் நனையக்கூடாது என்று என் மச்சானும் நானும் அதை உள்ளே இழுத்து வைத்தோம். ரேம்ப் திறந்துதான் இருந்தது. சுவரோரம் காற்றுப் போக்கிகளும் இருந்தன. இது போதும் என்றுதான் நினைத்தோம்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மச்சான் தண்ணீர் அடிக்கும் கன்னைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். “டேய், அந்தப் பக்கம் போடா” என்றேன். திரும்பிப் பார்த்தான், பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து, அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டான். அவனைத் தூக்கப் போன எனக்கும் கால் துவண்டது. டீ கொடுக்க வந்த வாட்ச்மேன் ஐயா ரேம்ப்பில் நின்று பார்த்துச் சத்தம் போட்டு, மேலே சமையல்கட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். அவர்கள்தான் எஞ்சினை அணைத்து எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் ஒரு பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பக்கத்திலிருந்த கிளினிக்கில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள். 98 காட்டியது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். நர்ஸாக இருக்கும் என் தங்கை மகளுக்கு வீட்டிலிருந்து போன் போயிருக்கிறது. அவள் கேட்ட முதல் கேள்வி: “மாமா, உள்ள எஞ்சின் ஓடுச்சா?” ஆமாம் என்றதும், ஒரு நிமிடம்கூட நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாஸ்க் போட்டு மணிக்கணக்கில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். மச்சான் பிழைத்தான். ஆனால் இரண்டு மாதம் வரைக்கும் சொன்னதை மறந்துபோவதும் தலைவலியுமாக இருந்தான்.

அது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. எஞ்சின் புகையில் நாம் மோந்து பார்ப்பது வேறு. ஆளைக் கொல்லும் இந்த வாயு நம் மூக்குக்கு எட்டவே எட்டாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு இது ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் உடம்பில் ஏறியது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். ஆக்சிமீட்டர் ஏன் 98 காட்டியது என்றும் தங்கை மகளே விளக்கினாள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் கிட்டத்தட்ட ஒரே சிவப்பு. கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எஞ்சின் புகையில் இருந்தவரிடம் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. நீங்கள் வாடகைக்கு விடும் சின்ன எஞ்சினில் பொதுவாக அது இருப்பதில்லை. அளவில் சின்ன எஞ்சின்தானே என்று நினைப்பதுதான் நாம் செய்யும் தப்பு.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வேறு நான்கு அரசுத் துறைகளோடு சேர்ந்து 1996-லேயே சின்ன பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அதில் உள்ள ஒரு சம்பவம்: பண்ணைக்காரர் ஒருவர் 11 குதிரைத்திறன் பெட்ரோல் பிரஷர் வாஷரால் தன் கொட்டகையைக் கழுவியிருக்கிறார். சுமார் 30 நிமிடம்தான். இறந்துவிட்டார். இன்னொன்று: காற்றோட்டம் குறைந்த அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் 8 குதிரைத்திறன் வாஷர் இரண்டை ஓட்டிய ஐந்து தொழிலாளிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறி சிகிச்சை தர வேண்டியிருந்தது. அதைப் படித்தபோது எங்கள் கதையை யாரோ முன்கூட்டியே எழுதிவைத்தது போல இருந்தது. கதவு ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஃபேன் போட்டாலும் உள்ளே இருக்கும் காற்று பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. எஞ்சினைக் கட்டடத்துக்கு வெளியே வைக்க முடிந்தால் மட்டும்தான் உள்ளே கன்னைக் கொண்டுபோகலாம்.

இங்கேதான் உங்களிடம் என் முதல் கோரிக்கை. நீளமான ஹோஸ் கொடுங்கள்.

எங்கள் மெஷின் உள்ளே போனதற்கு மழை பாதிக் காரணம் என்றால், ஹோஸ் எட்டாதது மீதிப் பாதி. மெஷினோடு வருவது பெரும்பாலும் 8 மீட்டரோ 10 மீட்டரோதான். அதைக் கையில் கொடுத்துவிட்டு “எஞ்சினை வெளியே வையுங்கள்” என்று சொன்னால் வேலை செய்கிறவன் என்ன செய்வான்? 30 மீட்டர் ஹோஸ் ஒன்றும், மெஷினின் பிரஷரைத் தாங்கும் சரியான கப்ளிங்கும் கடையில் எப்போதும் இருக்கட்டும். பார்க்கிங், குடோன், தொட்டி என்று யாராவது சொன்னால் கேட்காமலே எடுத்துக் கொடுங்கள். தயவுசெய்து அதற்குத் தனி வாடகை போடாதீர்கள். 50 ரூபாய் மிச்சம் பிடிக்க நினைக்கிற ஆள்தான் எஞ்சினை உள்ளே இழுப்பான். ஹோஸ் நீண்டால் பிரஷர் கொஞ்சம் குறையும், உண்மைதான். தரை கழுவுவதற்கு அது பெரிய குறை இல்லை. மழைக்கு மெஷினை மூட ஒரு தார்ப்பாய் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்லதுதான், ஆனால் ஓடும் எஞ்சின் மேல் போர்த்தக்கூடாது, உயரமாகப் பந்தல் மாதிரிதான் கட்ட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர்த் தொட்டி, சம்ப் கழுவப் போகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள். சம்ப் வாய்க்குப் பக்கத்தில் எஞ்சினை வைத்தாலே புகை உள்ளே இறங்கும். ஜெனரேட்டருக்கு அமெரிக்காவில் சொல்லும் கணக்கு, வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பது. அதையே நாமும் பிடித்துக்கொள்ளலாம். உள்ளே ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் அவரோடு பேசிக்கொண்டே நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பதறிப்போய் இன்னொருவர் குதிக்கக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு 108-க்கும், தீயணைப்புக்கு 101-க்கும் கூப்பிட வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்தியை நம் ஊர்ப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்துவிட்டோம்.

தொட்டி என்றதும் இன்னொன்று. வயலுக்கு மருந்தடித்த எச்.டி.பி என்கிற எஞ்சின் பம்பையும் ஹோஸையும் சில இடங்களில் அப்படியே தொட்டி கழுவ அனுப்புகிறார்கள். ஹோஸின் உள்சுவரில் பூச்சி மருந்து ஊறியிருக்கும். குடிக்கிற தண்ணீருக்கு அந்த ஹோஸ் போகவே கூடாது. இரண்டுக்கும் தனித்தனி ஹோஸ் வைத்து, கலர் பெயின்ட் அடித்துப் பிரித்துவிடுங்கள். அதே எச்.டி.பி செட்டில் எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவே ஓடும் பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் அனுப்புவதும் நடக்கிறது. லுங்கியோ, தோளில் போட்ட துண்டோ, கூட வேலை செய்யும் அக்காவின் முந்தானையோ மாட்டினால் ஒரு நொடிதான். தகர மூடி அடித்து மாட்ட ஒரு வெல்டிங் பட்டறையில் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்?

சரி, இப்போது தண்ணீருக்கு வருகிறேன். வெறும் தண்ணீர்தானே என்கிற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக 100 பிஎஸ்ஐ அழுத்தம் போதும் என்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் பெட்ரோல் மெஷின் 2000, 2500, சிலது 3000 பிஎஸ்ஐக்கும் மேல். வேலை முடிந்ததும் காலில் ஒட்டிய சேற்றைக் கன்னாலேயே அடித்துக் கழுவும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு செய்வார்கள். பையன்கள் விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் அடிப்பார்கள். இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அப்படி அடிபட்டால் வெளியே ஊசி குத்தினது மாதிரி ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் தண்ணீரும் அதோடு வந்த அழுக்கும் கிருமியும் சதைக்கும் நரம்புக்கும் நடுவே ஊடுருவிப் போயிருக்கும். அப்புறம்தான் வீங்கும். விரல் போய்விடும் அளவுக்கு இது முற்றலாம். டிடி ஊசி போட்டு, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போகக்கூடாது. உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், “பிரஷர் மெஷின் தண்ணி தோலுக்குள்ள பாஞ்சிருச்சு” என்று டாக்டரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். புள்ளியை மட்டும் பார்த்தால் யாருக்கும் இதன் ஆழம் தெரியாது.

கன் முனையில் மாட்டும் நாசில் விஷயத்தில் உங்கள் பங்கு நேரடியாகவே இருக்கிறது. சிவப்பு என்றால் 0 டிகிரி, ஒரே கோடாக அடிக்கும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 டிகிரி விரிந்து அடிக்கும். கறுப்பு சோப்புக்கு. மற்ற நாசில் எல்லாம் தொலைந்துபோய், சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் மெஷின்களை நான் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். அனுபவம் இல்லாதவர் கையில் அது கத்தி. பச்சையும் வெள்ளையும் இல்லாமல் மெஷினை வெளியே அனுப்பாதீர்கள். சிவப்பைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் இன்னும் நல்லது. லாரி டயரில் கிட்டே வைத்து அடித்தால் டயரின் பக்கச் சுவர் சேதமாகும், அது ஓடும்போது வெடித்தால் யார் பொறுப்பு? ஓர் அடியாவது தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

ட்ரிகரில் கம்பி சுற்றி, எப்போதும் அழுந்தியே இருக்கிற மாதிரி கட்டிய கன்னோடு ஒரு மெஷின் என் கைக்கு வந்திருக்கிறது. முன்னால் எடுத்துப் போனவர் விரல் வலிக்கிறது என்று கட்டியிருப்பார், நீங்கள் கவனிக்காமல் வாங்கி வைத்திருப்பீர்கள். கன் கை நழுவினால் தண்ணீர் தானாக நின்றாக வேண்டும். கட்டிப்போட்ட கன் கீழே விழுந்தால் அடிபட்ட பாம்பு மாதிரி துள்ளும். மெஷின் திரும்பி வரும்போது ஆயிலையும் பெட்ரோலையும் பார்க்கிற கண்ணால் ட்ரிகரையும் அதன் லாக்கையும் பாருங்கள். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் உங்கள் பையன்கள் விட வேண்டும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

எஞ்சினை அணைத்துவிட்டால் பிரஷர் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். போகாது, ஹோஸுக்குள் நின்றுகொண்டிருக்கும். அணைத்து, தண்ணீர்க் குழாயை மூடி, ஆளில்லாத பக்கம் கன்னைப் பிடித்து ட்ரிகரை அழுத்தி, தண்ணீர் நின்ற பிறகுதான் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். கிளப்பும்போதும் அப்படித்தான். முதலில் தண்ணீரைத் திறந்து, ட்ரிகரை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு எஞ்சினின் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் லேசாக வரும். உள்ளே பிரஷர் இருக்கும்போது இழுத்தால் கயிறு கையைப் பிடுங்கும். கன்னை அடிக்காமல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் பம்புக்குள் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகி சீல் போய்விடும். டீக்குப் போனால் அணைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இது உங்கள் மெஷினுக்கும் நல்லது.

பெட்ரோல் ஊற்றுவது பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. சைலன்சர் கொதிக்கும்போது ஊற்றக்கூடாது, ஆறட்டும். ஏணி மேல் நின்று கன் அடிக்கவே கூடாது, ட்ரிகரை அழுத்தியதும் பின்னால் தள்ளும். சுவிட்ச் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர், வீட்டுக்குக் கிட்டே போகும் ஈபி லைன் பக்கம் தண்ணீர் போகக்கூடாது. கண்ணாடியும் கம்பூட்ஸும் கட்டாயம். எஞ்சின் சத்தத்துக்குக் காதில் ஏதாவது அடைத்துக்கொள்வது பின்னாளில் காதைக் காப்பாற்றும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். பண்ணை ஷெட்டிலும் பழைய வீட்டிலும் பாசி பிடித்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிரஷர் அடித்துக் கழுவிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். நானே முன்பு செய்திருக்கிறேன். இப்போது மறுத்துவிடுகிறேன். தண்ணீரின் வேகத்தில் ஷீட்டின் மேல்பரப்பு பெயர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நார் சிதறும். காய்ந்த பிறகு காற்றில் பறக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்து பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எந்த வேலைக்கு மெஷின் என்று நீங்கள் கேட்கும்போது “ஷீட் கழுவ” என்றால், அந்த ஒரு வாடகையை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காலை ஏழு மணிக்கு உங்கள் கடையில் எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். கலவை மெஷினுக்கு ஒருவர், பிரேக்கருக்கு ஒருவர், சாரத்துக்கு ஒருவர், எல்லோரும் அவசரத்தில் நிற்பார்கள். அந்த நேரத்தில் நின்று பேசு என்று கேட்பது கஷ்டம்தான். “வருஷக்கணக்கா ஓட்டறேன், எனக்கே சொல்லித் தர்றியா” என்று முகத்தைத் திருப்புகிறவர்களும் இருப்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். என்றாலும் “எங்க வெச்சு ஓட்டப் போறீங்க?” என்ற ஒரே ஒரு கேள்வியை பில் போடும்போது கேட்டுவிடுங்கள். அன்றைக்கு அந்தத் தம்பி அதைக் கேட்டிருந்தால், அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் என்று நான் சொல்லியிருப்பேன். அந்த இடத்திலேயே பேச்சு தொடங்கியிருக்கும்.

பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் அடித்து வைத்திருக்கிறேன். மெஷின்களில் வரும் ஸ்டிக்கர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுவும் ஆயில் பட்டு அழிந்திருக்கும். என்னுடையது தமிழில், பெரிய எழுத்தில், இப்படி இருக்கிறது: “எஞ்சின் வெளியே. ஹோஸ் மட்டும் உள்ளே. தலை வலித்தால் உடனே வெளியே வா. ஆள் மேல் அடிக்காதே. அணைத்த பிறகும் ட்ரிகரை அழுத்து.” தண்ணீர் பட்டால் உரியாத பிளாஸ்டிக் ஸ்டிக்கர். 200 அடித்தேன், அச்சுக் கூலி என்னுடையது. அடுத்த வாரம் முதல் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு கடைகளுக்கு நானே எடுத்து வருகிறேன். மச்சானும் கூட வருவான். ஒட்ட ஒரு துணியும், டேங்கைத் துடைக்கக் கொஞ்சம் நேரமும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் மெஷின் எடுக்கும் ஒரு கிளீனிங் கான்ட்ராக்டர்,
நாமக்கல்